வாப்பாவுக்கு எப்படிச் சொல்வேன், நானா

நானா, உங்கள் தங்கச்சியின் இந்தக் கடிதத்தை அங்கே யாருக்கும் காட்டிவிடாதீர்கள். சிலிண்டரிலிருந்து காற்றிழுக்கும் உங்கள் ரெகுலேட்டரை என் மெத்தைக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். ரப்பர் வாயில் உங்கள் பல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது.

உங்கள் உழைப்பு நின்ற வீட்டுக்காக, விடிந்தால் வாப்பா கடலடியில் அட்டை பொறுக்கும் படகில் போகப்போகிறார். உங்களைக் கொண்டுபோன அதே படகு. கரைவலை இழுத்தவர், ஒருநாளும் சிலிண்டரோடு இறங்கியதில்லை. ரெகுலேட்டரை வீடு முழுக்கத் தேடிவிட்டுப் படுத்திருக்கிறார்.

நிலாவெளி ஹோட்டலில் புதியவர்களுக்குக் கடலுக்கடியில் சுழியோடப் பழக்கிய நாட்களில், மறுநாள் பாடத்தை என்னிடம்தான் சொல்லிப் பார்ப்பீர்கள்.

“நீ வெள்ளைக்காரி. ஒண்டும் தெரியாது. சிரிச்சிக்கிட்டு இரி.”

“சேர், மீன் கடிக்குமா?”

“உன்னக் கடிச்சா மீனுக்குத்தான் வருத்தம் வரும்.”

ஒருநாள் உம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியில் சோடாப் போத்தலைக் குலுக்கிச் சட்டென்று திறந்தீர்கள். நுரை உம்மாவின் முகமெல்லாம். “கடல ஏன்டா குசினிக்குள்ள கொண்டு வாறாய்?” அடுத்த போத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தீர்கள். ஒரு துளி சிந்தவில்லை. ஆழத்தில் இழுத்த காற்று இரத்தத்தில் கரைந்திருக்கும், அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள் இப்படித்தான் நுரைக்கும் என்றீர்கள். “ஆனா பயங்காட்டிச் சொல்லப்படாது. பயந்தவனுக்குக் காது கேக்காது.”

பிறகு வெள்ளைக்காரர் வரவில்லை. ஹோட்டலை மூடினார்கள். நீங்கள் கடலட்டை பொறுக்கப் போனீர்கள். அந்தப் படகில் வழியில் நின்று நின்று மேலே வர விடமாட்டார்களாம். கை குடைகிறது என்றால் இன்னொரு சிலிண்டரைக் கட்டி மறுபடி இறக்குவார்களாம். கீழே போனதும் வலி நின்றுவிடும், அதையே மருந்து என்பார்களாம். அப்படி இறங்கித்தான் நீங்கள் உயிரோடு கரைக்கு வரவில்லை. அது மருந்தில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஏன் இறங்கினீர்கள், நானா? இனிக் கேட்கவும் ஏலாது.

மாலையில் வாப்பாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். “படிக்கிற புள்ள, படி” என்று முடித்துவிட்டார். ரெகுலேட்டரை ஒளித்து என்ன, படகுக்காரர் வேறொன்று கொடுப்பார். போகாதீர்கள் என்றால் கேட்கமாட்டார். எப்படி மேலே வருவது என்றாவது கேட்பாரா? நுரை, இரத்தம் என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவார். நீங்கள் கடைசியாகச் சொல்லித்தந்ததை மட்டும் சொல்லப்போகிறேன். “உன்ட மூச்சுக் குமிழிய நீ முந்தப்படாது. அது முன்னால போகட்டும், நீ பின்னால வா.” அந்த ஒரு வரி என்னிடம் இருக்கிறது. பயம்தான் விடமாட்டேன் என்கிறது.

கதவு தட்டும் சத்தம்.

“புள்ள, முழிச்சா இரிக்காய்? கதவத் திற.”

வாப்பாதான். நானா, நான் திறக்கிறேன். முதலில் குமிழியைத்தான் சொல்வேன்.