காலி செய்யும் காரணம்

என் மனைவி லல்லா தாமுவுக்கு,

இதை நானே எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்! உன் தங்கை வீட்டில் சௌக்கியமா?

மாடி அறையில் குடியிருக்கும் ஜவாத் உனக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட, நீ சிரிப்பது இனி நடக்காது. காலி செய்யச் சொன்னேன்.

"வாயால சொன்னா செல்லாது ஹாஜி, நோட்டீஸ் குடுங்க" என்றான், சிரித்துக்கொண்டே.

நீதிமன்ற எழுத்தரிடம் போனேன்.

"காரணம் என்ன ஹாஜி?"

"அவன் படிச்சா என் பொண்டாட்டி சிரிக்கிறா."

"அது சட்டத்துல இல்லியே! அறை உங்களுக்கே வேணும்னா எழுதலாம். ரெண்டு மாசம் டைம் குடுக்கணும்."

எழுதினேன்: "அறை எனக்கே தேவை. அங்கே உட்கார்ந்து என் மனைவிக்கு நானே செய்தித்தாள் படிக்க வேண்டும்."

காலி செய்ய அவனுக்கு இரண்டு மாதம். வேகமாகப் படிக்கப் பழக எனக்கும் அதே இரண்டு மாதம். அதற்குள் நீ வந்துவிட்டால், மாடிக்கு மட்டும் போகாதே.

உன் வீட்டுக்காரன்