காலி வேனில் ஒரு ட்ரிப்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் ஸ்கூல் வேனும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "பிரசவத்துக்கு ஒரு ட்ரிப் வந்துட்டுப் போம்மா" என்றாய். நான் "பார்க்கலாம்" என்றேன். "சரிம்மா" என்று பட்டென்று வைத்துவிட்டாய். அந்தச் "சரிம்மா" என்னைத் தூங்க விடவில்லையடி. உனக்கென்ன, லேசாகச் சொல்லிவிட்டாய். உங்களுக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் ட்ரிப், கடற்கரைக்குப் போனாலும் ட்ரிப். உன் அப்பா மூலைக் கடைக்கு இரண்டு தடவை நடந்துவிட்டு, "ரெண்டு ட்ரிப் அடிச்சேன்" என்று மூச்சு வாங்குகிறார். எனக்கு ட்ரிப் என்றால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை ஷெட்டில் போட்டு, சீட்டுக்கு அடியில் எதுவும் தூங்குகிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் நோட்டில் ட்ரிப் முடிந்தது என்று எழுதுவேன். இப்படி நாற்பது நிமிடத்தில் போய்த் திரும்புகிறவளை விமானத்தில் ஏறச் சொன்னால் பயமாக இருக்காதா? நான் இல்லாத நேரத்தில் முதலாளி வேனை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

மறுநாள் நடந்த கூத்தைக் கேள். உன்னையே நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். வாசல் வாசலாக ஹாரன் அடிக்கிறேன், ஒரு வாண்டும் வரவில்லை. ஒரு பிள்ளையின் அப்பாவான பல் டாக்டர் மட்டும் பிரஷ்ஷும் வாயுமாக வந்து கையை ஆட்டினார். பிள்ளைக்கு ஜுரம் போல என்று நானும் தலையாட்டிவிட்டுப் போனேன். ஒன்பது வீடும் அப்படியே! பள்ளிக்கூடக் கேட்டில் வாட்ச்மேன், "அக்கா, இன்னைக்கு லீவுக்கா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளை கூப்பிடுகிறாள், நான் யார் யார் வாசலிலோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நேராக முதலாளியிடம் போய் மூன்று மாதம் லீவு கேட்டேன். "லீவு நாள்ல ஹாரன் அடிச்சீங்கன்னு நாலு வீட்ல இருந்து போன் வந்துடுச்சு. முதல்ல பொண்ணைப் பார்த்துட்டு வாங்கம்மா, வேன் உங்களுக்குத்தான்" என்றார். இத்தனை நாள் கேட்காமலே பயந்திருக்கிறேன் பார். அப்பாவும் சமைக்கப் பழகுகிறார், அடுப்படி போர்க்களமாகக் கிடக்கிறது.

மாடிப்படியில் தடதடவென்று இறங்காதே. தண்ணீர் நிறையக் குடி. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, எனக்குத் திரும்பி வரவும் இப்போதே டிக்கெட் போட்டுவிடு. குழந்தையை என் மடியில் போட்ட பிறகு தேதி கேட்டால், நான் வாயே திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பெட்டியை இறக்கித் துடைத்துவிட்ட
உன் அம்மா