பைன் மரத்துக்குப் போக வேண்டியவை

திமாரு,
ஏப்ரல் 3, 1996

அன்புள்ள ரேவின்,

கோலினும் நீயும் நலம்தானே? இத்துடன் வரும் ஷூ பெட்டியைப் பார்த்து, கிளெனிஸ் எனக்குச் செருப்பு வாங்கி அனுப்பிவிட்டாள் என்று குதிக்காதே. மூடியின் உள்பக்கம் நூலில் தொங்குபவை எங்கள் வீட்டு மொனார்க் வண்ணத்துப்பூச்சிக் கூடுகள்.

இந்த வருடம் புழுக்கள் தாமதமாகத்தான் வந்தன. வந்ததும், அவை தின்பதற்கென்றே வளர்த்த அன்னச்செடிகளை மொட்டையடித்துவிட்டன. கடைசியில் பூசணிக்காயைச் சீவிப் போட்டுத்தான் ஆளாக்கினோம். ஏப்ரல் பிறந்ததுமே இங்கே தெற்கில் குளிர்காலம் தொடங்கி, உறைபனி இறங்கிவிட்டது. இப்போது வெளியே வந்தால் ஒன்றுகூடப் பிழைக்காது. வடக்கே உங்கள் நெல்சன் பக்கம் இன்னும் வெயில் இருக்கிறது. ஆற்றோரப் பைன் மரங்களில் அவை கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் என்று நீதானே எழுதியிருந்தாய்? வெளிவந்து சிறகு காய்ந்ததும் அங்கே கொண்டுபோய் விட்டுவிடு. அவ்வளவுதான் உன் வேலை.

இது வாரிக்கின் யோசனை. அவர் நுரையீரலைப் பற்றி டாக்டர் இப்போதெல்லாம் என்னிடம் தனியாகத்தான் பேசுகிறார். கண்ணாடி அறையில் கட்டிலைப் போட்டு, நாளெல்லாம் இந்தக் கூடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கட்டும்போது, "நான் தாண்டுறேனோ இல்லையோ, இதுங்க இந்தக் குளிரைத் தாண்டணும்"னு சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவரிடம் காட்டவில்லை.

அன்புடன்,
கிளெனிஸ்


நெல்சன்,
ஏப்ரல் 22

என் அருமை கிளெனிஸ்,

பெட்டி பத்திரமாக வந்தது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. அடி, என்ன அழகு! இத்தனை வருடம் பூக்களை மட்டும் படம் பிடித்து, 'சுத்தமாக இருக்கிறது, உயிர்தான் இல்லை' என்று நடுவர்களிடம் பேச்சு வாங்கியவள் நான். இந்த முறை என் வெள்ளை டாலியாவின் நடுவில் உன் மொனார்க். கேமரா கிளப்பில் முதல் பரிசு! இத்துடன் பிரதி வைத்திருக்கிறேன், வாரிக்கிடம் காட்டு. "பூச்சிக்கு எவ்வளவு சம்பளம் குடுத்தே?"ன்னு கோலின் கேலி செய்கிறார்.

ஃபெய்ஜோவா பழம் கொட்டிக் கிடக்கிறது. ஜாம் காய்ச்சி அனுப்புகிறேன்.

உன்,
ரேவின்


திமாரு,
ஏப்ரல் 30

அன்புள்ள ரேவின்,

வாரிக் உன் படத்தைக் கட்டிலருகே தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்து வைத்திருக்கிறார். ஊசி போட வரும் நர்ஸ் பெண்ணைக்கூட விடவில்லை. "இது நம்ம வீட்டுப் பிள்ளை. வடக்கே போய்ப் பெரிய ஆளாயிடுச்சு"ங்கிறார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

ஒரே ஒரு சந்தேகம் அவருக்கு. "இந்த டாலியாவுல பூரா இதழ்தான். தேனே கிடையாதே, அங்க இவனுக்கு என்ன வேலை? நாக்கையும் சுருட்டி வச்சிருக்கான் பாரு." எப்படி எடுத்தாய் என்று விவரமாக எழுது. பைன் மரத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்றும் எழுது. உன் கடிதத்தில் அது மட்டும் இல்லை. தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
கிளெனிஸ்


நெல்சன்,
மே 9

என் அருமை கிளெனிஸ்,

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அது தானாக வந்து உட்காரவில்லை. ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் மயங்கிவிடும். காலடியில் துளி பசை தடவிப் பூவில் நிறுத்த வேண்டும். கிளப்பில் பாதிப் பேர் இப்படித்தான் எடுக்கிறார்கள், நடுவர்களுக்கும் தெரியும்.

மற்றவற்றையும் படம் எடுக்கலாம், காலை வெளிச்சம் வரட்டும் என்று டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்திருந்தேன். கோலின் அன்று கூடை நிறைய மீனோடு வந்தார். மீன் கெட்டுவிடக் கூடாதென்று குளிரைக் கூட்டிவிட்டார். காலையில் பார்த்தால் எல்லாம் விறைத்துக் கிடந்தன. அவரைத் திட்டித் தீர்த்தேன். "டப்பாவுல பூச்சி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வெண்ணெய்னு நெனச்சேன்"ங்கிறார்.

வருத்தம்தான். ஆனால் பூச்சிதானே, கிளெனிஸ். அடுத்த கோடையில் இன்னும் நூறு வளர்ப்பாய். வாரிக்கிடம் பக்குவமாகச் சொல்.

உன்,
ரேவின்


திமாரு,
மே 14

ரேவின்,

பக்குவமாகச் சொல்லச் சொல்கிறாய். தபால்காரர் வந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "சத்தமா படி"ன்னார். உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நானாக ஒன்றைச் சொன்னேன். எல்லாம் பறந்து போய் உச்சிக் கிளையில் தொங்குகின்றன என்றேன். "எல்லாமேவா?"ன்னார். எல்லாமே என்றேன். அவரோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. உன்னால் சொன்னேன்.

பூச்சிதானே என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நீ கேட்டிருந்தால் உன் படத்துக்கென்று ஒன்றைத் தந்திருப்பேன். நான் எதற்கு அனுப்பினேன் என்று தெரிந்துதானே பெட்டியைப் பிரித்தாய்?

ஒன்று செய். வாரத்துக்கு ஒரு கடிதம் அவர் பெயருக்கு எழுது. பைன் மரத்தைப் பற்றி எழுது, அவை உயிரோடு இருப்பதாக எழுது. என்னைப் பற்றி விசாரிக்காதே. ஜாமும் வேண்டாம். அவர் இருக்கிறவரை எழுது.

கிளெனிஸ்


நெல்சன்,
மே 27

அன்புள்ள வாரிக்,

நேற்று நல்ல வெயில். பைன் மரத்தடியில் நின்றேன். காய்ந்த இலைக்கொத்து என்றுதான் முதலில் நினைத்தேன். வெயில் பட்டதும் ஒட்டுமொத்தமாகச் சிறகை விரித்தன, கிளையே ஆரஞ்சாகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் எவை என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ரேவின்

கிளெனிஸ், இந்தத் தனித்தாளை அவருக்குப் படிக்காதே. நிஜமாகவே போயிருந்தேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அந்த மரத்தடிக்கு நான் போனதே இல்லை, கேள்விப்பட்டதைத்தான் உனக்கு எழுதியிருந்தேன். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கேமராவைக் கையில் எடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.


திமாரு,
ஜூன் 8

ரேவின்,

வாரிக் வியாழக்கிழமை போய்விட்டார். உன் கடிதங்களை அவருக்குத் திரும்பத் திரும்பப் படித்தேன். கிளை ஆரஞ்சாகிற இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். கடைசிவரை நம்பிக்கொண்டுதான் போனார். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

எனக்கு எழுதிய தனித்தாளையும் படித்தேன். மரத்தடிக்குப் போனதாகவும் வருந்துவதாகவும் எழுதியிருக்கிறாய். போயிருக்கலாம். ஆனால் பொய் எழுதச் சொன்னவள் நான்தான். நீயும் நன்றாக எழுதினாய். அவருக்கு எழுதியதையும் எனக்கு எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

இனி எழுத வேண்டாம். இந்த வீட்டில் உன் கடிதத்தை நம்புகிறவர் அவர் ஒருவர்தான் இருந்தார்.

கிளெனிஸ்