வேரில் இருந்த மாவு

இன்று காலை ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் என் விரல் காயத்துக்கு அயடின் தடவினார்கள். அந்த நெடியில் எனக்கு அக்கரப்பத்தனையில் நீ வேலை செய்த ஆறாம் நம்பர் மலைதான் நினைவுக்கு வந்தது.

அன்று அங்கே கவ்வாத்து தொடங்கவிருந்தது. தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டுவதற்கு முன் வேரைச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டு என் பத்திரிகைக்கு எழுத வந்திருந்தேன். என் பள்ளித் தோழனான நீ கத்தியோடு வரிசையில் நின்றாய். தோட்டத்து உத்தியோகத்தர் பென்சில் பருமனில் ஒரு வேரை நறுக்கி அயடின் தொட்டு வைத்தார். வெட்டிய இடம் கருநீலமானது.

"மாவு இருக்கு, வெட்டலாம்" என்றார்.

வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் கொண்டு இலை ஆக்கும் உணவு வேரில் மாவாகச் சேர்கிறது. இலையெல்லாம் போனபின், புதுத்தளிர் வரும்வரை செடி அதைத் தின்றே பிழைக்கிறது. பக்கத்து மலையில் அயடின் தொட்டும் வேரில் நீலம் ஏறவில்லை. அந்தச் செடிகளைச் சில வாரம் கொழுந்து எடுக்காமல் விடச் சொன்னார்.

"எங்க காலையும் கொஞ்சம் சீவிப் பாருங்களேன் ஐயா, மாவு இருக்கான்னு" என்றாய்.

"உனக்கு மண்டையிலதான்டா மாவு" என்றார் பக்கத்தில் நின்றவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சாப்பிட்டியாடா?" என்று உன்னைக் கேட்டேன்.

"ஆச்சு" என்றாய்.

வேரின் பருமன், அயடினின் நிறம், எல்லாம் பிழையில்லாமல் எழுதினேன். காலைச் சீவிப் பார்க்கச் சொன்ன உன் பேச்சும் குறிப்பேட்டில் இருந்தது. கட்டுரை வேறு பக்கம் திரும்பிவிடும் என்று அந்த வரியை நானே கோடு போட்டு அடித்தேன்.

பிறகு பஸ்ஸில் பார்த்தபோது, "படிச்சேன் பேப்பர்காரரே. செடி நல்லாத்தான் சாப்பிடுது" என்றாய். பாராட்டு என்று எண்ணி நன்றி வேறு சொன்னேன்.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கே நாளில் போய்விட்டாய். தாங்குவதற்கு உடம்பில் மிச்சம் எதுவுமில்லை என்றாராம் டாக்டர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உன் மனைவி சொன்னார்: "பிள்ளைங்களுக்கு வேணும்னு காலையில ரொட்டியத் தொட மாட்டாருண்ணே. வெறும் தேத்தண்ணிதான். யாரு கேட்டாலும் ஆச்சும்பாரு."

நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லமாட்டார்கள். லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியும். வேரில் மாவு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதியவன், உன் விஷயத்தில் ஒரு சொல்லோடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

ஒருவர் பெயரைப் பிழையாகப் போட்டால் மறுநாள் திருத்தம் வெளியிடுவோம். தெரிந்தே அடித்த வரிக்குத் திருத்தம் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

இப்போதெல்லாம் தோட்டங்களுக்குப் போனால், "என்ன சாப்பிட்டீங்க? எப்போ?" என்று கேட்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போன வாரம் பூண்டுலோயாவில் ஒரு பெண், "எதுக்குங்க அதெல்லாம் கேக்குறீங்க?" என்றார். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?