பாலத்தில் நின்றவர்கள், ஓடியவர்கள்

12-3-91, செவ்வாய்

தாம்பரம் ஸ்டேஷன் கூட்டம் புகை மாதிரி ஓட வேண்டும், நடுவில் என் மனைவி சாந்தி மட்டும் சிலையாக நிற்க வேண்டும். இதுதான் என் ஆசை. ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்து ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்தால், நகர்கிறவர்கள் கலங்கலாக விழுவார்கள். கேமரா இரவல். ரோல் ஒன்றே ஒன்று.

சாயங்காலம் நடைமேம்பாலத்தில் ஸ்டாண்டை வைத்ததும் போகிற கூட்டம் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னா சார், ஷூட்டிங்கா? ஹீரோ யாரு?" என்றாள் ஒரு மீன்கூடைக்காரம்மா.

அத்தனை பேரும் சிலை. சாந்தி மட்டும் சிரித்துக் குலுங்கினாள். பாதி ரோல் பாழ்.

அப்போதுதான் பீச் ஸ்டேஷன் போகும் எங்கள் வண்டி வேறு பிளாட்பாரத்துக்கு வருவதாக அறிவித்தார்கள். பாலமே ஓடியது. அரை விநாடிக் கணக்குத் தவறாமல் இருக்கக் கைக்கடிகாரத்தையே பார்த்தபடி ரோல் தீரும்வரை ஆனந்தமாக அழுத்தினேன்.

நிமிர்ந்தால் சாந்தியைக் காணோம். கீழே ரயில் ஜன்னலிலிருந்து குரல்.

"ஏங்க, சீக்கிரம் வாங்க! உங்களுக்கும் சீட் பிடிச்சிட்டேன்!"

பாலத்தில் மீன்கூடைக்காரம்மா மட்டும் அசையாமல் லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹீரோ அந்தம்மாதான். சாந்தியிடம் இன்னும் சொல்லவில்லை.