எலும்பு காட்டும் பெட்டி

காஜா பேராங், மலாக்கா
16 ஏப்ரல் 1957

அன்புள்ள அண்ணன் அப்பாசாமி அவர்களுக்கு,

தங்கை கோகிலா எழுதிக்கொள்வது. என் உடம்பு பரவாயில்லை. அங்கே உங்கள் எல்லாருடைய உடம்பும் நன்றாகவே இருக்கும். அதற்கான ஏற்பாடுகளை வருஷப் பிறப்பன்று நேரிலேயே பார்த்தேன்.

என் வீட்டிலிருந்து பெண்டஹாரா ரோட்டில் உள்ள உங்கள் சப்பாத்துக் கடைக்கு நடந்தால் அரைமணி நேரம். இந்தத் தூரத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறாளே என்று சிரிப்பீர்கள். வாயால் பேசத்தான் வந்தேன். அண்ணி எல்லாருக்கும் வாழை இலை போட்டு, எனக்கு மட்டும் பின்கட்டில் விளிம்பு பெயர்ந்த பீங்கான் தட்டில் பரிமாறினார். இலையை எப்படியும் எறியத்தானே போகிறோம், அதிலாவது எனக்கும் போட்டிருக்கலாம் என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை. சாப்பிட்டதும் தட்டைக் கழுவி என் கையிலேயே கொடுத்து, "நீயே வச்சுக்கம்மா, அடுத்த தடவ வர்றப்ப எடுத்துக்கிட்டு வா" என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்து, ஐந்து வாரம் கதிர் வைத்தியம் செய்து அனுப்பினார்கள். இது ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை.

இதற்காக எழுதவில்லை. வாசல் வழியாக இறங்கும்போது சப்பாத்து அளவு பார்க்க நீங்கள் வைத்திருக்கும் எலும்பு காட்டும் பெட்டியைப் பார்த்தேன். ஒரு சீன அம்மாள் தன் பிள்ளையின் காலை அதற்குள் விடத் தயங்கினாள். உடனே சீதா தன் காலை உள்ளே விட்டு, பச்சை வெளிச்சத்தில் விரல் எலும்புகளை ஆட்டிக் காட்டி, "பயமில்ல, பாருங்க" என்றாள். நான் நின்ற கால்மணி நேரத்தில் நாலு தடவை. நாலு வருஷமாக உங்கள் மகளுக்கு இதுதான் வேலை. அந்தப் பெட்டிக்குள் எரிவதும் எனக்கு வைத்தியத்துக்கு வைத்ததும் ஒரே ஜாதிக் கதிர்.

இரண்டு காரியம் செய்யுங்கள். சீதாவை அதிலிருந்து விலக்குங்கள். அம்மாவுக்கும் சித்திக்கும் வந்தது இதே மார்புப் புற்று என்று அவளிடம் சொல்லுங்கள். பத்தொன்பது வயதாகிறது, தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
கோகிலா


பெண்டஹாரா ரோடு, மலாக்கா
23 ஏப்ரல் 1957

தங்கை கோகிலாவுக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு உன் அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல எண்ணத்தில் ஒரு தட்டு கொடுத்ததற்கு இவ்வளவு பேச்சா?

நீ தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பவள். அதை நன்றாகச் செய்கிறாய், ஊரே சொல்கிறது. அதோடு நிறுத்திக்கொள். இந்த மெஷின் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. வெள்ளைக்காரன் தன் சொந்தப் பிள்ளைகளின் காலையே இதில் வைத்துத்தான் அளவு பார்க்கிறான். அவனுக்குத் தெரியாதது காஜா பேராங்கில் வாடகை வீட்டில் இருக்கும் உனக்குத் தெரிந்துவிட்டதா? சரி, அந்த வெளிச்சம் நோயைக் கொடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உன் நோய்க்கு ஏன் அதையே வைத்தார்கள்? இதற்கு நீ பதில் எழுத மாட்டாய்.

தட்டு விஷயமாக ஒன்று. நம் கடைக்கு வருகிற கம்பவுண்டர் ஒருவர் சொன்னார், கோழிகளுக்குப் புற்று ஒரு கிருமியால்தான் வருகிறதாம், ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு. படித்தவர் சொல்கிறார். பிறகு எங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அம்மாவை ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சம் கொண்டுபோயிற்று. ஊரில் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம், அப்படியே இருக்கட்டும். சித்தியும் அதே கணக்கில் போகட்டும். சிரம்பானிலிருந்து சீதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெரியவர் கணேசமூர்த்தி ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி, பையன் ஜெயபாலனும் அரசாங்க உத்தியோகம். அன்றைக்கு நீ வரவேண்டாம். உடம்பு முடியாதவள் எதற்கு அலைய வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்பாசாமி


காஜா பேராங்
5 மே 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பதில் எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். எழுதுகிறேன். என்னை அறுத்த கத்தி நல்ல கத்திதான், என் உயிரைக் காப்பாற்றியது. அதற்காக அதைக் கடை வாசலில் வைத்து வருகிற பிள்ளைகளிடமெல்லாம் கொடுப்பீர்களா? எனக்குக் கதிர் வைக்கும்போது மற்றவர்கள் எல்லாரும் ஈயச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். உங்கள் கடையில் எந்தச் சுவர் இருக்கிறது? விலைப்பட்டியல் தொங்குகிற பலகை ஒன்றுதான் இருக்கிறது.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் கதிர் மெஷின் ஓட்டும் தேவதாஸ் என்பவருக்கு இடது கையில் இரண்டே விரல். ஏன் என்று கேட்டேன். "அந்தக் காலத்துல மிசின் சரியா எரியுதான்னு எங்கையத்தான் நீட்டிப் பார்ப்பேங்க்கா. வலியே இருக்காது. பத்து வருசம் கழிச்சுத் தோல் காஞ்சு, புண்ணாகி, ஆறவே இல்ல. புத்துன்னு வெட்டிட்டாங்க" என்றார். உங்கள் கடையில் சீதா செய்யும் வேலையைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார்.

கோழி விஷயத்தை டாக்டரிடமே முன்பு கேட்டிருக்கிறேன். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஒரு கட்டளை இருக்கிறதாம். அது கெட்டுப்போனால் நிற்கத் தெரியாமல் வளரும், அதுதான் புற்று. சிலருக்கு அந்தப் பழுது பெற்றவர்களிடமிருந்தே வருகிறது போலிருக்கிறது, சிலருக்குக் கதிர் பட்டுக் கெடுகிறது, கோழிகளில் கிருமி புகுந்து கெடுக்கிறது. மனிதருக்கும் அப்படிக் கிருமி உண்டா என்றதற்கு, "தேடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் தெரியாது" என்றார். அத்தனை படித்தவர் தெரியாது என்றார். உங்கள் கம்பவுண்டருக்குத் தெரிந்துவிட்டது. நான் கோழி இல்லை, அண்ணா. கோழியாக இருந்திருந்தால் எனக்குத் தனித் தட்டு வைத்திருக்க மாட்டீர்கள், என்னையே தட்டில் வைத்திருப்பீர்கள்.

ஒட்டாத நோய்க்கு என் தட்டைக் கண்டு நடுங்குகிறீர்கள். உடம்பைக் கெடுக்கக்கூடிய கதிருக்கு மகளை நிறுத்தி வைத்து வியாபாரம் செய்கிறீர்கள். உங்கள் வீட்டில் அறிவு எந்த மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சீதாவுக்கு வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அம்மா, சித்தி, நான் என்று மூன்று பேர் ஆகிவிட்டோம். ஏற்கனவே நைந்த துணியாக இருக்குமோ என்று சந்தேகம் இருக்கும்போது அதைக் கல்லில் போட்டு அடிப்பானேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு இல்லாததால் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே படுகிறேன்.

உங்கள் தங்கை
கோகிலா


பெண்டஹாரா ரோடு
30 ஜூன் 1957

கோகிலாவுக்கு,

ஆசீர்வாதம் எழுதும் மனநிலையில் நான் இல்லை. சிரம்பான்காரர்கள் வந்து போனார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கணேசமூர்த்தி கிராணி அல்லவா, எதையும் தேதி போட்டுத்தான் கேட்பார்.

"உங்க சித்தி எப்பத் தவறுனாங்க?" என்றார். உன் அண்ணி முந்திக்கொண்டு, "முப்பத்தெட்டுலங்க. ஜப்பான்காரன் கொடுமையிலதான்" என்று சொல்லிவிட்டாள். அவர் விரல் விட்டு எண்ணி, "ஜப்பான்காரன் வந்தது நாப்பத்திரண்டுல இல்ல?" என்றார். நான்தான் சமாளித்தேன். "அது பட்டாளத்துக்காரன் இல்லீங்க, இங்க முந்தி இருந்த ஜப்பான் பல் டாக்டர். பல்லப் புடுங்குனான், ரத்தம் நிக்கல" என்றேன். சீதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நீ இந்த நோயை ஊரறியச் சிங்கப்பூர் வரை கொண்டு போயிருக்காவிட்டால் இவ்வளவு பொய்க்கு வேலையே இல்லை. எல்லாம் உன்னால் வந்த வினை.

மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் புதுச் சப்பாத்து வேண்டுமாம். கடை வாசலில் அஞ்சடி நடைபாதை முழுக்கப் பிள்ளைகள். பெட்டியில் ஏற முண்டியடிக்கிறார்கள். இந்தச் சமயத்தில் உன் தேவதாஸின் விரல்களைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இனி இந்த விஷயமாக எழுதாதே. சீதாவைச் சந்திக்கவும் வேண்டாம்.

அப்பாசாமி


காஜா பேராங்
14 ஜூலை 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

பாவம் அந்தப் பல் டாக்டர். எங்கேயோ தன் ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். நம் சித்தியைக் கொன்ற சங்கதி அவருக்குத் தெரியாது.

சீதாவை நான் சந்திக்கவில்லை. அவளாகவே நேற்றுச் சாயங்காலம் வந்தாள். நாடாவை அவிழ்த்து என் ரவிக்கைக்குள் இருக்கும் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டில் இருப்பேன், வெக்கை தாங்காது. அதைப் பார்த்துவிட்டாள். "காட்டுங்க அத்த" என்றாள். காட்டினேன்.

"பாட்டிக்கும் இதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "சின்னப் பாட்டிக்கு?" ஆமாம், பல் நன்றாகத்தான் இருந்தது என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள், "எனக்கும் வருமா அத்த?" என்று கேட்டாள்.

தெரியாதம்மா, வராமலும் போகலாம், ஆனால் நீ உன் உடம்பைத் தெரிந்து வைத்துக்கொள், சின்னக் கட்டி தட்டுப்பட்டாலும் ஒளிக்காதே, உன் பாட்டி ஒளித்ததால்தான் போனாள் என்று சொன்னேன். பெட்டியைப் பற்றியும் சொன்னேன். என் மடியில் தலை வைத்து அழுதாள். நானும் அழுதேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொன்னேன். உங்களிடம் மறைக்கவில்லை, மறைப்பது உங்கள் பழக்கம்.

என் வீட்டு டம்ளரில் காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள். அண்ணியிடம் சொல்லி அவளைக் கொதிநீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
கோகிலா


பெண்டஹாரா ரோடு
12 செப்டம்பர் 1957

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

அண்ணன் ஆசீர்வதித்து எழுதுவது. நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, நாமும் பழையதை மறப்போம். உன் மனம் குளிரும்படி ஒரு சேதி சொல்கிறேன்.

ஜூலையிலிருந்து சீதா பெட்டிப் பக்கமே போகவில்லை. நான் அதட்டினேன், அண்ணி அடிக்கவே கை ஓங்கினாள். அசையவில்லை. ஒருநாள் அவள் குளித்துவிட்டு வரும்போது முகம் அப்படியே நம் அம்மா மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. நீ எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். உண்மையாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்க முடியுமா? ஊர்வல வியாபாரம் முடிந்ததும் முடிவெடுத்துவிட்டேன். பெட்டி இப்போது நம் கடையில் இல்லை.

மூவாரில் ஹனீபா பாய் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், விலை பேசிக் கொடுத்துவிட்டேன். லோரியில் நானே கூடப் போய் இறக்கி, எரியவைத்துக் காட்டிவிட்டு வந்தேன். அவர் மகள் மரியம், ஒன்பது வயது, ஏறி நின்றவள் இறங்கவே மாட்டேன் என்றாள். "வாப்பா, எங்காலப் பாருங்க, எங்காலப் பாருங்க" என்று ஒரே கூத்து. இனிமேல் இதுதான் அவளுக்கு வேலை என்று பாய் சொல்லிச் சிரித்தார்.

சீதா கல்யாணம் ஐப்பசியில். நீ முன்வரிசையில் உட்கார வேண்டும். எல்லாரோடும் இலையில் சாப்பிட வேண்டும். அண்ணியிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்ட இரண்டும் நடந்துவிட்டது. இனி உனக்கு என்ன குறை? பழைய கோகிலாவாக வா.

உன் அன்புள்ள அண்ணன்
அப்பாசாமி


காஜா பேராங்
18 செப்டம்பர் 1957

அண்ணனுக்கு,

கடிதத்தின் முதல் பாதியைப் படிக்கும்போது என் கண் கலங்கியது. நாற்பது வயதில் எனக்கு ஓர் அண்ணன் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு மறுபக்கம் திருப்பினேன்.

நீங்கள் நம்பாமல் விற்றிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். முட்டாளோடு உறவு வைத்துக்கொள்ளலாம், இத்தனை காலம் வைத்திருந்தேன். நீங்கள் நம்பிவிட்டு விற்றிருக்கிறீர்கள். தூக்கம் போகிற அளவுக்கு நம்பியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு, லோரியில் ஏற்றி, கூடவே போய், எரியவைத்து, ஒன்பது வயதுப் பிள்ளையை அதன் மேல் நிறுத்திவிட்டு வந்து, அதை நான் சந்தோஷப்பட வேண்டிய சேதியாக எழுதுகிறீர்கள். உங்கள் பந்தியில் என்னால் உட்கார முடியாது. இந்த முறை தள்ளி உட்காருவது நான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மூவார் போகிறேன். ஹனீபா பாயிடம் தேவதாஸின் கையைப் பற்றிச் சொல்வேன். அவர் நம்பாவிட்டால் அவர் வீட்டுப் பெண்களிடம் என் மார்பைக் காட்டி, எனக்கு இது பெட்டியால் வந்ததல்ல, ஆனால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். தெரிந்தேவா விற்றார் என்று கேட்பார்கள். ஆமாம், என் அண்ணன் தெரிந்தேதான் விற்றார் என்று உள்ளதைச் சொல்வேன். சிரம்பானுக்கும் இது எட்டும். நோய் விஷயம் அதற்கு முன்பே எட்டிவிட்டது. சீதா எல்லாவற்றையும் தன் கையால் ஜெயபாலனுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் வரட்டும் என்கிறாள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மரியம் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தாள். "இத்தன வருசமா பயமில்ல, ஏறி நில்லுன்னு எல்லாப் பிள்ளைங்களையும் கூப்பிட்டது நான்தானே அத்த. இறங்குன்னும் நான்தான் சொல்லணும்" என்றாள்.

பஸ்ஸில் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவளைக் கடையில் தேட வேண்டாம்.

கோகிலா