நடுவில் ஆறு நாள்

புதுப்பாளையம், கடலூர்
4.1.2010

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது.

போனில் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாயாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

மே மாதப் பிரசவத்துக்கு மெல்போர்ன் வரச் சொல்கிறாய். அம்மா உயிரோடு இருந்தால் அவள் வந்திருப்பாள். லேத் பட்டறையில் நாற்பது வருடம் இரும்பு கடைந்த கையை வைத்துக்கொண்டு நான் வந்து குழந்தையைக் குளிப்பாட்டவா போகிறேன்? ஆனாலும் வருகிறேன். ஒரு நிபந்தனை. வரும் வழியில் கோலாலம்பூரில் ஆறு நாள் இறங்கி இருந்துவிட்டுத்தான் வருவேன். ஒரே டிக்கெட்டிலேயே அப்படிப் போட முடியுமாம். சிதம்பரம் மேல வீதியில் டிக்கெட் போடும் பழனிவேலிடம் விசாரித்துவிட்டேன்.

உன் தம்பி செல்வன் செத்த நாட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்கு மேல் காரணம் கேட்காதே. மாப்பிள்ளை அருள்முருகனுக்கு என் அன்பு.

பிடிவாதக்காரன் என்று நீ சொல்லும்
அப்பா கலியமூர்த்தி

மெல்போர்ன்
19.1.2010

அன்புள்ள அப்பாவுக்கு,

வருகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்த வரியை மூன்று முறை படித்தேன். எனக்கென்று வர உங்களை விட்டால் ஆள் இல்லை.

டிக்கெட் போட்டாயிற்று. ஏப்ரல் 14 சென்னையில் ஏறி கோலாலம்பூர். 20ஆம் தேதி அங்கிருந்து மெல்போர்ன். நீங்கள் சொன்னபடி எல்லாம் ஒரே டிக்கெட்தான். செல்வனோடு வேலை பார்த்த வைத்திலிங்கம் அண்ணன் இன்னும் கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில்தான் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கலாம். கத்தரி வற்றல் கொண்டுவராதீர்கள். இங்கே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்
எழில்

கடலூர்
6.2.2010

அன்பு மகளுக்கு,

பழனிவேல் அச்சடித்துக் கொடுத்த தாளை டிக்ஷனரி வைத்து வரி வரியாகப் படித்தேன். பெட்டியைப் பற்றித் தெளிவாக ஒன்றும் இல்லை. சென்னையில் போடும் பெட்டி கோலாலம்பூரில் என் கைக்கு வருமா, நேராக உன் ஊருக்குப் போய்விடுமா? அவனைக் கேட்டேன்.

"ஒரு நாளுக்கு மேல தங்குனா பொட்டிய அங்கயே குடுத்துருவாங்க அய்யா. ஆறு நாளுக்குக் கையில ஒரு பை பத்தாது? பொட்டிக்கு ஏன் இப்புடி அடிச்சிக்கிறீங்க?" என்றான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றா" என்றேன்.

அவனை நம்பி ஏற முடியாது. நீயும் விமானக் கம்பெனியில் கேட்டு எழுது. கைப்பையில் விடாத சாமான் ஒன்று இருக்கிறது. வற்றல் இல்லை, பயப்படாதே.

அப்பா

மெல்போர்ன்
18.2.2010

அப்பா,

கைப்பையில் விடாத அந்தச் சாமான் என்ன?

நேற்று வைத்திலிங்கம் அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஒங்கப்பா எனக்கு ரெண்டு லெட்டர் போட்டுட்டாரும்மா. செல்வன் வேல பாத்த ஓட்டல மொதலாளி கண்ணாயிரம் எத்தன மணிக்குப் பூட்டுறான், கூட யாரு போறாங்கன்னு கேக்குறாரு. பயந்துகிட்டு நான் பதிலே போடல" என்றார்.

பெட்டியில் கத்தியா அப்பா? மறைக்காமல் எழுதுங்கள்.

எழில்

கடலூர்
2.3.2010

எழிலரசி,

கத்திதான். நானே பட்டறையில் தேய்த்தது.

2004 நவம்பரில் மீனம்பாக்கத்திலிருந்து செல்வனைப் பெட்டியில் வாங்கி வந்தேன். மாடிப்படியில் விழுந்தான் என்று தாளில் இருந்தது. கெடிலம் கரைச் சுடுகாட்டில் துணியை விலக்கிப் பார்த்தேன். பின்மண்டையில் என் மூன்று விரல் உள்ளே போனது. முதுகு நெடுகச் சூடு, வரிசையாக, தோசைத் திருப்பியின் அகலத்தில். மாடிப்படி சூடு வைக்குமா?

கம்மாபுரத்தான் கண்ணாயிரம். நம் மாவட்டத்துக்காரன். "நம்ம புள்ள மாமா, நான் பாத்துக்குறேன்" என்று என் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு அழைத்துப் போனவன். ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்கு இரும்புக் குழாயால் அடித்தான். வைத்திலிங்கம் கண்ணால் பார்த்ததை எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, போலீசில் வாயைத் திறக்க மறுத்தவன். ஐந்து வருடம் மனு எழுதினேன். எட்டாம் வகுப்பு படித்தவன், மனு எழுதவே இங்கிலீஷ் கற்றேன். ஒரு தாளுக்கும் பதில் இல்லை.

கண்ணாயிரத்தின் மண்டையைப் பிளந்து அதிலும் என் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு 20ஆம் தேதி ஏற முடிந்தால் உன்னிடம் வருவேன். முடியாவிட்டால் உனக்கு மாப்பிள்ளை இருக்கிறார்.

கலியமூர்த்தி

மெல்போர்ன்
13.3.2010

அப்பா,

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். நடுவில் ஆறு நாள் கிடையாது, ஒன்றரை மணி நேரம்தான். பெட்டி உங்கள் கைக்கு வராது.

முதுகைப் பார்த்தீர்கள், மண்டையைப் பார்த்தீர்கள். இடது மணிக்கட்டைப் பார்த்தீர்களா? அது கோணலாக இருந்ததே, அதையும் கண்ணாயிரமா உடைத்தான்? பரீட்சையில் தவறியதற்காகச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் செயினால் அடித்தீர்கள். "வுட்டுருப்பா, எல்லாரும் பாக்குறாங்கப்பா" என்று கத்தினான். நான் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். கை சரியாகக் கூடும் முன்பே கண்ணாயிரத்தோடு கிளம்பினான். பிழைக்கப் போகவில்லை அப்பா. உங்களிடமிருந்து தப்பிப் போனான்.

ஏப்ரல் 15 மாலை விமான நிலையத்தில் நிற்பேன். பிறக்கப் போகும் குழந்தைக்குத் தாத்தாவாக வாருங்கள். கண்ணாயிரத்தைத் தேடிப் போவதென்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

எழிலரசி

சிதம்பரம்
9.4.2010

எழிலரசிக்கு,

பழனிவேல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கையை உடைத்தது நான்தான். காலைப் பிடித்த உன்னையும் உதைத்தேன். அதை நீ எழுதாமல் விட்டுவிட்டாய். நான் அடித்தேன் என்பதற்காக இன்னொருவன் கொல்லலாம் என்று ஆகிவிடாது. நான் அடித்ததை என் எதிரில் நின்று கேட்க வேண்டியவன் செல்வன். கேட்கிற வயதுக்கு அவனை வரவிடவில்லையே கண்ணாயிரம்.

உன் டிக்கெட்டில் நான் ஏறப் போவதில்லை. "மொத வண்டியில ஏறலன்னா மிச்ச டிக்கெட்ட அவுங்களே கேன்சல்னு அடிச்சிருவாங்க அய்யா. பேரப்புள்ளயப் பாக்கப் போறன்னு சொன்னீங்களே?" என்றான் பழனிவேல். அடித்துக்கொள்ளட்டும் என்றேன். கோலாலம்பூருக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடச் சொன்னேன். நாளை மறுநாள் கிளம்புகிறேன்.

பையன் பிறந்தால் செல்வன் பெயரை வைக்காதே. அடி வாங்கிய பெயர்.

திரும்பிப் போகும் டிக்கெட்டைக் காட்டாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். அதற்காக அதையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். என்ன தேதி என்று நான் பார்க்கவில்லை.

அப்பா